கன்றுக்குட்டித் தெரு

கோடைக்காலச் சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் நீச்சல்தான். நியூரம்பர்க் ஸ்டேடியத்தை ஒட்டி ஒரு திறந்தவெளிக் குளம் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கி, துண்டும் தண்ணீர் பாட்டிலும் திணித்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். மகளுக்கு எட்டு வயது, இங்கேயே பிறந்தவள். நான் தெருப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவள் அர்த்தத்தோடு படிப்பாள். போன ஜூனில் ஒருநாள், ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒரு பலகைக்குக் கீழே நின்றுவிட்டாள்.

“அப்பா, தெருவுக்கு யாராவது கன்னுக்குட்டின்னு பேர் வைப்பாங்களா?”

ஹான்ஸ்-கல்ப்-ஷ்ட்ராஸெ. கல்ப் என்றால் ஜெர்மனில் கன்றுக்குட்டி. ஆறு வருடமாக அந்தத் தெரு வழியாகப் போய்வருகிறேன், ஒருநாளும் எனக்கு உறைத்ததில்லை.

“அது ஒரு ஆளோட பேருடா.”

“அவர் என்ன பண்ணார்?”

தெரியாது. ஸ்டேடியம் பக்கத்தில்தானே இருக்கிறது என்ற தைரியத்தில், “ஃபுட்பால் ஆடியிருப்பார்” என்று அடித்துவிட்டேன். குருட்டாம்போக்கில் அடித்தது சரியாக விழுந்தது. அன்று ராத்திரி தேட உட்கார்ந்தவன் பல வாரம் எழுந்திருக்கவில்லை. அந்தக் கிறுக்கின் விளைவுதான் இந்தப் பதிவு.

ஹான்ஸ் கல்ப், 1899 ஆகஸ்ட் 3-ல் இதே நியூரம்பர்க்கில் பிறந்தவர். தொழில் பல் டாக்டர். ஜெர்மனியில் பந்தாட்டத்தை முழுநேரச் சம்பளத் தொழிலாக நடத்த அனுமதியில்லாத காலம் அது. ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் பிழைப்புக்கு வேறொன்று இருக்கும். இவருக்குப் பல். ஞாயிற்றுக்கிழமைகளில் 1. எஃப்.சி. நியூரம்பர்க் அணியின் நடு மைதானம். அந்த அணியை இந்த ஊரில் யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘கிளப்’ என்றால் போதும், வேறு கிளப்பே உலகத்தில் கிடையாது என்கிற மாதிரி. கிளப்போடு 1920, 1921, 1924, 1925, 1927 என ஐந்து முறை ஜெர்மன் சாம்பியன். தேசிய அணிக்கு 15 ஆட்டம், 2 கோல். படங்களில் பார்த்தால் கன்றுக்குட்டி மாதிரி ஒன்றும் இல்லை, நல்ல காளை. உயரமும் அகலமும் சேர்ந்த உடம்பு, பக்கத்தில் நிற்பவர்கள் அவர் நிழலில் நிற்கிற மாதிரி இருக்கும்.

அவர் நின்ற இடத்துக்கு ஜெர்மனில் ‘மிட்டெல்லாய்ஃபர்’ என்று பெயர். நடுவில் ஓடுபவர். இன்றைய ஆட்டத்தை மட்டும் டிவியில் பார்ப்பவர்களுக்கு அது என்ன இடம் என்று விளக்குவது கஷ்டம். எனக்குச் சுலபமாகப் புரிந்ததற்குக் காரணம் எங்கள் பள்ளி பி.டி. மாஸ்டர். தொண்ணூறுகளில்கூட அவர் “சென்டர் ஹாஃப், மேலே ஏறு! ரைட் அவுட், அங்கே என்ன தூங்குறியா?” என்றுதான் கத்துவார். உலகம் எப்போதோ கைவிட்ட பெயர்கள் எங்கள் மைதானத்தில் உயிரோடு இருந்தன. பின்னால் இரண்டு பேக், நடுவில் மூன்று ஹாஃப், முன்னால் ஐந்து ஃபார்வர்ட். அந்த மூவரில் நடுவில் நிற்பவன்தான் சென்டர் ஹாஃப். எதிரியின் சென்டர் ஃபார்வர்டை மறிப்பதும் அவன் வேலை, பந்தைப் பிடுங்கியதும் ஐந்து ஃபார்வர்டுகளில் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதும் அவன் வேலை. கல்யாண வீட்டில் சமையல்கட்டுக்கும் பந்திக்கும் நடுவே நின்று, “அந்த இலைக்குச் சாம்பார்” என்று குரல் கொடுக்கிற பெரியப்பா இருப்பாரே, அவர்தான். அவர் வாளியைத் தூக்கமாட்டார், ஆனால் அவர் இல்லாவிட்டால் ரசம் வரும்போது சோறு வந்திருக்காது.

கல்ப் அப்படிக் குரல் கொடுத்தவர். வேகமானவர் என்று யாரும் சொன்னதில்லை. பந்தை முப்பது நாற்பது மீட்டர் தாண்டி ஓரத்தில் நிற்பவன் காலடியில் வைப்பார் என்பார்கள். வைத்தது வீணானால் திட்டுவார். சொந்த ஆளையும் திட்டுவார், எதிரியையும் திட்டுவார், நடுவரிடமும் வாய் சும்மா இருக்காது. அந்த வாய் பின்னால் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு வருகிறேன்.

முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் கிளப் ஒரு விசித்திரமான உயரத்துக்குப் போனது. 1918-ல் தொடங்கி 1922 வரை 104 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்கவில்லை. எண்ணிக்கையில் நட்பு ஆட்டங்களும் அடக்கம். இருந்தாலும் நூற்றுநாலு! புடாபெஸ்டின் எம்.டி.கே. அணியிலிருந்து ஆல்ஃபிரெட் ஷாஃபர், பீட்டர் ஸபோ என்ற இரண்டு ஹங்கேரியர்கள் வந்து ஆடியதில், உருட்டிக் கொடுத்து வாங்கும் குறும்பாஸ் ஆட்டம் ஊருக்குள் நுழைந்தது. கோலில் ஹைனர் ஷ்டூல்ஃபாட், சாம்பல் நிற ஸ்வெட்டரும் தலையில் தொப்பியுமாக. அவருக்கு முன்னால் கல்ப். அந்த அணிக்கு முதுகெலும்பு இந்த இருவரும்தான் என்பது என் கணிப்பு. முன்னால் ட்ரேக்கும் போப்பும் கோல் போட்டார்கள், அதனால் அந்தக் காலக் கூட்டம் அவர்களைத் தோளில் தூக்கியிருக்கும். அது வேறு விஷயம்.

1920 இறுதியாட்டத்தில் எதிரில் நின்றது பக்கத்து ஊர் ஃபியூர்த். நியூரம்பர்க்குக்கும் ஃபியூர்த்துக்கும் உள்ள உறவை இங்கே வந்த முதல் மாதமே தெரிந்துகொண்டேன். ஆபீசில் ஒருவரிடம் “ஃபியூர்த்தில் வாடகை கொஞ்சம் குறைவாமே” என்று சாதாரணமாகக் கேட்டதற்கு, நான் ஏதோ அவர் குடும்பத்தைப் பற்றிப் பேசிவிட்ட மாதிரி பார்த்தார். இரண்டு ஊரும் ஒட்டிக்கொண்டவை, சுரங்க ரயில் ஒன்றுதான். அந்த இறுதியாட்டம் ஃபிராங்ஃபர்ட்டில் நடந்தது. கிளப் 2-0. அடுத்த வருடம் டூஸல்டார்ஃபில் ஃபோர்வேர்ட்ஸ் பெர்லினுக்கு எதிராக 5-0.

இந்த இரண்டு ஊர்ப் பகையின் உச்சம் 1924 ஏப்ரல். ஆம்ஸ்டர்டாமில் ஹாலந்துக்கு எதிரான ஆட்டத்துக்கு ஜெர்மனி இறக்கிய பதினொரு பேரும் நியூரம்பர்க், ஃபியூர்த் ஆட்டக்காரர்களே. நாட்டின் இரண்டு பெரிய அணிகள் இவைதான் என்பதால் வேறு வழியில்லை. ஒரே ரயில், ஆனால் வேறு வேறு பெட்டி. நியூரம்பர்க்காரர்கள் ஒரு பெட்டியில், ஃபியூர்த்காரர்கள் இன்னொன்றில், வழியெல்லாம் பேச்சுவார்த்தை இல்லை. ஜெர்மனி 1-0 என்று ஜெயித்தது. கோல் போட்டவர் ஃபியூர்த்தின் ஆவர். கட்டிப்பிடித்துப் பாராட்ட ஓடிவந்தவர்கள் ஃபியூர்த்காரர்கள் மட்டும்தானாம். தேசத்துக்குக் கோல் விழுந்திருக்கிறது, மற்ற ஊர்க்காரன் தன் இடத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருக்கிறான். ஃபியூர்த் அணியிலிருந்த ஹான்ஸ் ஸூட்டர் நியூரம்பர்க் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட பாவத்துக்கு அணியை விட்டே போக வேண்டியதாயிற்று என்றும் கதை உண்டு. போய்ச் சேர்ந்த இடம், வேறெங்கே, கிளப்தான். மாமியார் வீடு.

நான் இந்த மனிதரோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் கோப்பைகள் அல்ல. அவர் ஆடாத ஒரு ஆட்டம்.

1922 ஜூன் 18, பெர்லின். ஹாம்பர்க் எஸ்.வி. எதிரில். ஜெர்மன் பந்தாட்ட வரலாற்றில் இதைவிட அதிகம் பேசப்பட்ட இறுதியாட்டம் குறைவு. அதற்குச் சற்று முன்புதான் கல்ப்புக்குக் கால் முறிந்திருந்தது. அவருடைய சென்டர் ஹாஃப் இடத்தில் அன்று ரைட்ஸன்ஷ்டைன் என்பவர் நின்றார். ஹாம்பர்க் முதல் கோல், அடுத்த நிமிடமே ட்ரேக் பதில் கோல், பிறகு போப் இன்னொன்று. 2-1 என்று கிளப் முன்னால். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில் ஹாம்பர்க்கின் ஃபுளோர் சமன் செய்துவிட்டார். பெனால்டி ஷூட்-அவுட் எல்லாம் பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு இருக்கிறது. ஒருவர் ஜெயிக்கும் வரை ஆட வேண்டும். ஆடினார்கள். கூடுதல் நேரம், அதற்கு மேல் கூடுதல் நேரம், அதற்கும் மேல். மாற்று ஆட்டக்காரர் கிடையாது. அடிபட்டவன் ஓரமாக நொண்டிக்கொண்டு நிற்பான். கிளப்பின் பேக் கூக்லர் அன்று பற்களைப் பறிகொடுத்துவிட்டும் தொடர்ந்து ஆடினார் என்று சொல்வார்கள். பல் டாக்டர் கால் உடைந்து கிடக்கிறார், பல் உடைந்தவர் மைதானத்தில் நிற்கிறார். நடுவர் பேகோ பவென்ஸ், பிற்காலத்தில் ஜெர்மன் கால்பந்துச் சங்கத்துக்கே தலைவரானவர், 189-வது நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்தினார். காரணம் இருட்டு. ஜூன் மாதம் பெர்லினில் எத்தனை மணிக்கு இருட்டும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ராத்திரிச் சாப்பாடு முடித்து, பாத்திரம் கழுவி, மாடியில் வந்து நின்றாலும் வெளிச்சம் இருக்கும்.

மறுஆட்டம் ஆகஸ்ட் 6, லைப்ஸிக். கல்ப் இல்லை. அன்று கிளப் சுக்குநூறானது. பாஸ் என்ற ஃபார்வர்டை ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே நடுவர் வெளியேற்றினார். கூக்லர் அடிபட்டு வெளியே. ட்ரேக் ஒரு கோல் போட்டார், ஹாம்பர்க் ஒன்று போட்டது, மறுபடியும் கூடுதல் நேரம். அதில் ட்ரேக்கும் வெளியேற்றப்பட்டார். பிறகு போப் சுருண்டு விழுந்தார், எழவில்லை. எண்ணிப் பார்த்தால் ஏழு பேர். ஏழு பேரை வைத்து ஆட்டத்தைத் தொடர விதியில் இடமில்லை என்று அதே பவென்ஸ் 105-வது நிமிடத்தில் நிறுத்திவிட்டார். இரண்டு ஆட்டத்தையும் சேர்த்தால் 294 நிமிடம், முடிவு பூஜ்யம். சங்கம் கோப்பையை ஹாம்பர்க்குக்குத் தந்தது. பெரிய சண்டை சச்சரவுக்குப் பிறகு ஹாம்பர்க் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 1922-க்குச் சாம்பியனே இல்லை.

கல்ப் இருந்திருந்தால்? கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 2-1 என்று முன்னிலையில் இருக்கும் கடைசி நான்கு நிமிடம் இருக்கிறதே, அது சென்டர் ஹாஃபின் நிமிடம். பந்தைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று கொடுத்து, எதிரியை வெறுமனே ஓடவிட்டுக் கடிகாரத்தைத் தின்ன வேண்டிய நேரம். அந்த வித்தை தெரிந்தவர் அன்று கட்டுப்போட்ட காலோடு இருந்தார். இது என் கட்சி. கூட வேலை செய்யும் நண்பரிடம், மதுரைக்காரர், இதைச் சொன்னபோது சிரித்தார். “நீங்க சொல்ற ஆளு வாய் அப்படின்னா, லைப்ஸிக்ல முதல்ல வெளியே போயிருக்கிறது அவர்தாண்ணே. ஏழு பேர் இல்ல, ஆறு பேர் நின்னிருப்பாங்க.” மறுக்க முடியவில்லை.

கால் சேர்ந்து கல்ப் திரும்பி வந்தார். வந்ததும் கிளப் 1924-லும் 1925-லும் மறுபடி சாம்பியன். 1924 இறுதியில் எதிரி அதே ஹாம்பர்க், 2-0. இது எதையும் நிரூபிக்காது, ஆனாலும் என் கட்சிக்கு ஒரு சாட்சி.

1925-ல் ஆட்டத்தின் அடித்தளமே நகர்ந்தது. ஆஃப்சைடு ஆகாமல் பந்தை வாங்க, அதுவரை தாக்குபவனுக்கும் கோல்கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். அதை இரண்டாகக் குறைத்தார்கள். கோல் மழை கொட்டியது. இங்கிலாந்தில் ஆர்செனல், சென்டர் ஹாஃபைக் கீழே இழுத்து இரண்டு பேக்குகளுக்கு நடுவில் மூன்றாவது பேக்காக நிறுத்தியது. அவன் வேலை இனி எதிரி சென்டர் ஃபார்வர்டின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும். பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பாவைக் கொண்டுபோய் வாசலில் செருப்புக்குக் காவல் வைத்த மாதிரி. இந்த முறை ஜெர்மனியை முழுதாகப் பிடிக்கச் சில வருடங்கள் ஆயின. அந்தச் சில வருடங்கள்தான் கல்ப்புக்கு மிச்சம் கிடைத்தவை. 1927 இறுதியாட்டம் பெர்லினில், பெர்லினின் சொந்த அணியான ஹெர்த்தாவோடு. பயிற்சியாளர் ஃபிரெட் ஸ்பைக்ஸ்லி, இங்கிலாந்துக்காரர், தன் காலத்தில் ஷெஃபீல்ட் அணிக்காக எஃப்.ஏ. கோப்பை இறுதியில் கோல் போட்டவர். கிளப் 2-0. முதல் கோல் பெனால்டி, அடித்தவர் கல்ப். ஐந்தாவது பட்டம்.

இனி ஆம்ஸ்டர்டாம். 1928 ஒலிம்பிக்ஸ்.

முதல் ஆட்டத்தில் ஜெர்மனி ஸ்விட்சர்லாந்தை 4-0 என்று புரட்டியது. அடுத்தது, ஜூன் 3, ஞாயிறு, உருகுவே. 1924-ல் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்கள். இந்த முறையும் வாங்கப்போகிறவர்கள். கோலில் ஷ்டூல்ஃபாட், நடுவில் கல்ப், அவருக்கு இடப்பக்கம் ஃபியூர்த்தின் லைன்பெர்கர். பகையாளி ஊர்க்காரர் பக்கத்திலேயே. பெட்ரோனே என்ற உருகுவே ஃபார்வர்ட் ஒருவரே மூன்று கோல் போட்டார். உதை, தள்ளு, வாய்ச்சண்டை என்று ஆட்டம் கெட்டது. கல்ப்பை நடுவர் வெளியேற்றினார். சிவப்பு அட்டை 1970-ல்தான் வந்தது. 1928-ல் நடுவர் கையை நீட்டி வெளியே போ என்று காட்டுவார், அவ்வளவுதான். அணியின் நடுவில் நின்று பத்து பேரைக் கைநீட்டி ஏவிய மனிதருக்கு எதிராக ஒரு கை நீள்கிறது. பிறகு ரிச்சர்ட் ஹோஃப்மனும் வெளியேற்றப்பட்டார், உருகுவே தரப்பில் கேப்டன் நஸாஸியும். 4-1 என்று தோற்று ஜெர்மனி வீடு திரும்பியது.

தடை போட்டார்கள். ஹோஃப்மனுக்கு வயது 22, காத்திருக்க நேரம் இருந்தது. 1930-ல் பெர்லினில் இங்கிலாந்துக்கு எதிராக மூன்று கோல் போட்டு நாட்டையே தலையில் தூக்கிவைக்கச் செய்தார். கல்ப் 29-ஐத் தொட்டுக்கொண்டிருந்தார். தேசிய அணியின் சட்டையை அவர் மறுபடி போடவேயில்லை. 15 ஆட்டம் என்ற கணக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தகவல் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்தது. அந்தக் காலத்து ஒலிம்பிக்கில் ஓட்டப்பந்தயத்துக்கும் மல்யுத்தத்துக்கும் தருவதுபோல ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கட்டடக்கலைக்கும் பதக்கம் உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாமில் நகர வடிவமைப்புக்கான தங்கத்தை வாங்கியவர் ஆல்ஃப்ரெட் ஹென்ஸல், நியூரம்பர்க் நகராட்சியின் பூங்காத் துறை இயக்குநர். எதற்கு? நியூரம்பர்க் ஸ்டேடிய வளாகத்துக்கு. மரமும் புல்வெளியும் மைதானங்களும் நீச்சல் குளமுமாக அவர் அமைத்த வளாகம். ஜூன் 3-ல் கல்ப் வெளியேற்றப்பட்டார், ஜூன் 10-ல் அந்த ஸ்டேடியம் இங்கே திறக்கப்பட்டது. நான் சனிக்கிழமைதோறும் என் மகளின் ஈரத் துண்டைக் காயப்போடுகிற இடம் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய இடம். அதே ஒலிம்பிக்கில் அவமானப்பட்டு வந்தவரின் பெயர்தான் அதன் தெருவுக்கு. தெருவுக்குப் பெயர் வைத்த அதிகாரிக்கு இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்திருக்குமா? தெரிந்து வைத்திருந்தால் அவருக்கு ஒரு பீர் வாங்கித் தருவேன்.

அந்த வளாகத்தை அடுத்து என்ன வந்தது என்பது உலகத்துக்கே தெரியும். ஸ்டேடியத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் நாஜிகள் மாநாடு நடத்திய கல் மேடை. கிளப்பும் சுத்தமாகத் தப்பவில்லை. 1932-ல் பயிற்சியாளர் யெனோ கொன்ராட் யூதர் என்பதால் இந்த ஊரின் நாஜிப் பத்திரிகை அவரைக் குறிவைத்து எழுத, அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டே கிளம்பினார். அடுத்த ஏப்ரலில் கிளப் தன் யூத உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை நீக்கியது. அவர்களுடைய உறுப்பினர் அட்டைகள் 2021-ல்தான் திரும்பக் கிடைத்தன. கல்ப்பின் ஐந்து பட்டங்களை எழுதுகிற அதே பதிவில் இதையும் எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

கல்ப் 1945 ஏப்ரல் 5-ல் இறந்தார், வயது 45. ஜனவரியில் குண்டுவீச்சில் பழைய நகரம் தரைமட்டமாகியிருந்தது. அமெரிக்கப் படை ஊருக்குள் நுழைய இரண்டு வாரம்கூட இல்லை. ஊர் இருந்த நிலைக்கு, ஒரு பழைய சென்டர் ஹாஃப் போனதை எத்தனை பேர் கவனித்திருக்க முடியும்?

இந்தக் கதையெல்லாம் மகளுக்குச் சொன்னேனா என்றால், பாதி சொன்னேன். ஏழு பேர் நின்ற ஆட்டம் அவளுக்குப் பிடித்திருந்தது. ரயிலில் வேறு வேறு பெட்டியில் போனதைத் தன் வகுப்பில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வகுப்பில் ஃபியூர்த் பெண் ஒருத்தி இருக்கிறாள் போலிருக்கிறது, ஏதோ வாக்குவாதம். ஆனால் அவளுக்கு ஒட்டிக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான்: கன்றுக்குட்டி ஒரு பல் டாக்டர்.

போன சனிக்கிழமை குளத்தின் கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருக்கும்போது அந்தக் கடைவாய்ப் பல் கழன்று கையோடு வந்துவிட்டது. அழவில்லை. தண்ணீரில் கழுவி, காகித நாப்கினில் மடித்து வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பலகைக்குக் கீழே நின்று, மடிப்பைப் பிரித்து, பல்லை மேலே தூக்கிக் காட்டினாள். பின்னால் சைக்கிளில் வந்த பெரியவர் மணி அடித்தார். நாங்கள் ஓரமாக ஒதுங்கிக்கொண்டோம்.